பரங்கிப்பேட்டையில் ஒரு மாடி அறை

பொங்கல் நெருங்கினால் எங்கள் தெருச் சாவிகள் எல்லாம் என் வீட்டுக்கு வந்துவிடும். நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் குடியிருந்த ஒவ்வொருவருக்கும் வேறு எங்கோ ஒரு ஊர் இருந்தது. ஈரோட்டுப் பக்கம், மதுரைப் பக்கம், நாகர்கோவில். போகிக்கு முந்தின நாளே பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடுவார்கள். கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பால் கார்டைக் காட்டிப் பால் வாங்கிக்கொள்ளலாம், பூனை வந்தால் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லி ஒவ்வொரு வீட்டுச் சாவியும் என் கைக்கு வரும். நான் எங்கும் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் ஒரு ஊர் இருந்ததுதான், திருநெல்வேலிக்குத் தெற்கே. அப்பா சுரங்கத்தில் வேலை கிடைத்ததும் பங்கு பிரித்து வந்ததை விற்றுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சர்வீஸில் இருக்கும்போதே அவர் இறந்தார். அதனால் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கொடுத்தார்கள். அம்மாவும் நானும் ஒரு சின்ன குவார்ட்டர்ஸுக்கு மாறினோம். பிறகு அம்மாவும் போய்விட்டாள். தம்பி வடக்கே வேலை பார்த்தான். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வரும். கல்யாணம் ஆகாததற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. பார்த்துப் பேசி முடிக்க ஆள் இல்லை, அப்புறம் வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

தெரு காலியான அந்த நாட்களில் காலையில் முதல் ஷிப்டுக்குப் போகிற சைக்கிள்களின் சத்தம் கேட்கும். பிறகு சாயங்காலம் வரை ஒன்றும் கேட்காது. பூட்டிய வீடுகளுக்குள் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். ஒரு வீட்டு முற்றத்தில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடக்கும். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பூட்டுவேன்.

எனக்கு முப்பத்தாறு வயதாக இருந்தபோது வந்த பொங்கலுக்கு முன்பு, ஆபீஸில் பக்கத்து மேசையில் இருந்த கிளார்க் வழக்கம்போலக் கேட்டார். அவர் பக்கத்திலேயே இருக்கும் வடக்குத்து ஊர்க்காரர். வயலும் உண்டு, வேலையும் உண்டு.

"என்னா மேடம், இந்த வருசமும் ஊருக்குப் போவலையா?"

"போறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"எந்த ஊரு?"

"பரங்கிப்பேட்டை."

எப்போதோ ஒரு கல்யாணத்துக்காகப் புவனகிரி போனபோது அந்தப் பெயர்ப்பலகையோடு ஒரு பஸ் நின்றது. ஜன்னலில் ஈரத் துணிகள் தொங்கின. மீன் கூடைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதுதான் வாயில் வந்திருக்க வேண்டும்.

"அங்க யாரு இருக்கறாங்க உங்களுக்கு?"

"யாரும் இல்ல. கடல் பாக்கணும்."

"கடலுன்னா கடலூருக்கே போவலாமே மேடம். காலையில பஸ் ஏறுனா பாத்துட்டு, பொழுதோட வூட்டுக்கு வந்துடலாம்."

"ரெண்டு நாள் தங்கலாம்னு."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "தங்கறதா? யாரு வூட்டுல?"

எங்கே என்று அவர் கேட்கவில்லை. யாருடைய வீட்டில் என்றுதான் கேட்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு ஈரோட்டு அம்மா சாவியோடு வந்தார்.

"சாவி குடுத்துட்டுப் போலாமுன்னு வந்தனுங்க."

"நானும் ஊர்ல இருக்கமாட்டேங்க."

"நீங்களா? நீங்க எங்கீங்க போறீங்க?" என்று கேட்டவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தெருவிளக்குக் கம்பம் லீவு கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம். "அப்ப இதை யாருகிட்டீங்க குடுக்கறது?" என்றார். கோபம் இல்லை, நிஜமாகவே குழப்பம்.

போகியன்று காலை ஒரு ரெக்சின் பையில் மூன்று புடவைகளை வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழி நெடுக ஊர்களில் பழைய பாய் எரித்த புகை நின்றது. புவனகிரியில் பஸ் மாறிப் பரங்கிப்பேட்டையில் இறங்கியபோது உச்சி வெயில் தாண்டியிருந்தது. காற்றில் உப்பு வாசனையும் கருவாட்டு வாசனையும் அடித்தன. நெய்வேலியின் நேர்க்கோட்டுச் சாலைகளில் நடந்து பழகிய எனக்கு அந்த ஊரின் சந்துகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பிடிபடவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே டீக்கடைக்கு மேலே ஒரு லாட்ஜ் இருந்தது. மேசையில் உட்கார்ந்திருந்தவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வர்றாரா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க?"

"யார் வீட்டுக்கும் இல்ல. ரூம்தான் வேணும்."

அவர் என் கழுத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "ரூம் காலி இல்லீங்க" என்றார். அவர் தலைக்குப் பின்னால் பலகையில் எல்லாச் சாவிகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். படியிறங்கும்போது காது மடல் சுட்டது. பன்னிரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு கதவும் ஒரு கட்டிலும் கேட்டதற்கு ஏதோ திருட வந்தவள்போல் உணர்ந்தேன்.

டீக்கடையில் விசாரித்து அரசாங்கப் பயணியர் விடுதிக்கு நடந்தேன். வேப்பமரங்களுக்கு நடுவே பழைய ஓட்டுக் கட்டிடம். பின்பக்கத்துக் குடிசையிலிருந்து வாட்ச்மேன் வந்தார். வயதானவர், மரியாதையாகவே பேசினார்.

"தாலுக்கா ஆபீசுல எழுதி வாங்கிகினு வரணும்மா. இன்னிக்கி போகி. அங்க யாரு இருக்கப் போறாங்க? இருட்டறதுக்குள்ள பஸ்ஸப் புடிச்சிடுங்க."

அவர் மனைவி மண் அடுப்புக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"தனியாவா வந்தீங்க? வூட்ல எதுனா சண்டையா?"

"வீட்ல சண்டை போடறதுக்கு ஆள் இல்லம்மா."

அவள் சிரித்துவிட்டாள். அன்று என்னைப் பார்த்துச் சிரித்த முதல் ஆள் அவள்தான். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு இரண்டு வழி சொன்னாள்.

"எங்க வூட்லயே தங்கலாம். ராவுக்கு எம்பொண்ணு, மருமவன், கொழுந்தனாரு எல்லாம் வந்துடுவாங்க. நெருக்கிகினு படுக்கணும், அவ்ளோதான். இல்லன்னா நான் சமைக்கப் போற வூடு ஒண்ணு இருக்குது. பாய் வூடு, பெரிய வூடு. அந்தம்மா ஒண்டியாத்தான் இருக்காங்க. நாளைக்கும் மறுநாளும் நான் போவமாட்டேன், பண்டிகை இல்ல? அவங்க என்னா பண்ணுவாங்களோன்னு நெனச்சிகினே இருந்தேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அந்தக் குடிசையைப் பார்த்தேன். புதுப் பானை ஒன்று, மூலையில் சாத்திய கரும்புக் கட்டு. ராத்திரி அது நிறைந்துவிடும். எல்லோரும் எனக்கு இடம் விடுவார்கள். நீங்க யாரு, ஏன் வந்தீங்க, புள்ளைங்க எத்தனை என்று ஒவ்வொருவரும் அன்பாகக் கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

"அந்த வீட்டுக்கே போறேன்" என்றேன்.

அவளே கூட்டிக்கொண்டு போனாள். நீண்ட தெரு. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்கள், கனத்த கதவுகள். ஒரு பச்சைக் கதவைத் தட்டி, "அம்மா, நான்தான்" என்று குரல் கொடுத்தாள். உள்ளே வெகுதூரத்திலிருந்து செருப்புச் சத்தம் வந்து சேர நேரமானது. கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வாட்ச்மேன் மனைவி சொன்னதை முழுதாகக் கேட்டார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மீன் சாப்புடுவீங்களா?"

"சாப்பிடுவேன்."

"அப்ப வாங்க. என்னைய லாத்தான்னு கூப்புடுங்க." அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

உள்ளே தேக்குத் தூண்களோடு ஒரு முற்றம், அதைச் சுற்றி அறைகள். ஒன்றைத் தவிர எல்லாம் பூட்டியிருந்தன. கணவர் மலாயாவில் கடை வைத்திருக்கிறார், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டு மகன்களும் வளர்ந்ததும் அப்பாவிடமே போய்விட்டார்கள். "கல்யாணமாகி வந்தப்ப இந்த வூட்ல பதினெட்டு பேரு" என்றார் லாத்தா.

"கீழ என் அறையில இன்னொரு கட்டில் இருக்கு. மேல எங்க வூட்டுக்காரங்க அறை இருக்கு, ஜன்னலத் தொறந்தா காத்து வரும், கடலு ஒரு கோடாத் தெரியும். எது வேணும் உங்களுக்கு?"

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் கடலுக்காக வந்தவள். "மேல" என்றேன்.

"சரி" என்று சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார்.

சாப்பாடு கீழேயே கொடுத்தார், இடியாப்பமும் மீன் குழம்பும். எட்டு மணிக்கெல்லாம் நான் மாடிக்குப் போய்விட்டேன். பலகைத் தரை. கால் வைக்கும் இடமெல்லாம் முனகியது. பெரிய கட்டில், கண்ணாடி பீரோ, சுவரில் நின்றுபோன கடிகாரம். ஜன்னலுக்கு வெளியே கடல் என்று சொல்லப்பட்ட இடத்தில் இருட்டுத்தான் இருந்தது. தூக்கம் வரவில்லை. புது இடம் என்று சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் என் வீட்டில் இருந்த அதே அமைதிதான் இங்கேயும் இருந்தது. இவ்வளவு பஸ் ஏறி அதையே தேடி வந்தேனா என்று தோன்றியது. எழுந்து ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன்.

காலையில் பொங்கல். கீழே இறங்கியபோது லாத்தா வெல்லமும் பச்சரிசியும் பாசிப்பருப்பும் எடுத்து வைத்திருந்தார்.

"இன்னைக்கி உங்க பெருநாளுல்ல? எங்க அடுப்புல வையுங்க. எனக்குப் பதம் தெரியாது, நீங்கதான் வைக்கணும்."

அம்மா போன பிறகு நான் பொங்கல் வைத்ததே இல்லை. ஒருத்திக்காக யார் வைப்பார்கள்? அதைச் சொல்லாமல் பானையை ஏற்றினேன். வெல்லம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. லாத்தா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு கடலுக்குப் போனேன். ஆறு கடலில் சேரும் இடம். மணலில் படகுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான்கு பையன்கள் கரும்பு கடித்துக்கொண்டு ஓடினார்கள். உட்கார்ந்து பார்த்தேன். கடலைப் பார்க்க அரை மணி நேரம் போதும் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகும் அலை வந்துகொண்டிருந்தது, "பாத்தீங்களா?" என்று கேட்க யாரும் பக்கத்தில் இல்லை. வெயில் ஏறியதும் எழுந்து திரும்பினேன்.

அதற்குள் லாத்தா வாசற்கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தார். "வந்துட்டீங்களா" என்றார். சாப்பிடும்போதுதான் சொன்னார்.

"நேத்து ராத்திரி மேல நீங்க நடந்தீங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "தூக்கம் வரல்ல லாத்தா. பலகை சத்தம் போட்டுச்சு. உங்களுக்குத் தொந்தரவாப் போச்சு."

"தொந்தரவா?" என்று என்னையே பார்த்தார். "நடங்க, இன்னும் நடங்கன்னு சொல்லிக்கிட்டுப் படுத்திருந்தேன். எப்பத் தூங்குனேன்னு தெரியல்ல."

மீன் முள்ளை ஒதுக்கினேன். பிறகு, "இன்னைக்கிக் கீழயே படுத்துக்கறேன்" என்றேன்.

"வேணாம்" என்றார் உடனே. "பக்கத்துல படுத்தா நீங்க என்னைய நெனச்சுப் பேசிக்கிட்டு இருக்கணும். மேலயே இருங்க. மேல ஆளு இருந்தாப் போதும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்தது. இருந்தாலும் படுக்காமல் கொஞ்ச நேரம் நடந்தேன். பீரோவரைக்கும் போய், ஜன்னலில் நின்று, மறுபடி கட்டிலுக்கு. பாதத்தை அழுத்தியே வைத்தேன்.

மறுநாள் கிளம்பும்போது என் பிளாக் நம்பரையும் வீட்டு நம்பரையும் என்னை வாயாலேயே சொல்லச் சொல்லி லாத்தா மனப்பாடம் செய்துகொண்டார், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

அடுத்த பொங்கலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. எதிர்வீட்டு அம்மா இந்த முறை கேட்காமலே சாவியை வேறு தெருவில் கொடுத்துவிட்டுப் போனார். நான் நல்ல பாகுவெல்லமும் முந்திரியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பச்சைக் கதவு அகலத் திறந்திருந்தது. முற்றத்தில் சாய்வு நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். கடையை மகன்களிடம் விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டாராம். எழுந்து நின்று, "வாங்க, அவ சொல்லியிருக்கா" என்றார். தினசரியை மடித்து, மறுபடி விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

லாத்தா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "கீழ என் அறையில தங்கிக்கோங்க. எத்தனை நாளு வேணாலும்."

அவர் சொன்னது மனதாரத்தான். ஆனால் அந்த மனிதர் முற்றத்தில் நான் நடமாடுவதற்காகத் தன் வீட்டிலேயே ஒதுங்கி உட்கார வேண்டியிருக்கும். இருவரும் எனக்காகச் சத்தமாகப் பேசுவார்கள்.

"இல்ல லாத்தா. பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். சாயங்காலம் பஸ்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. இருவரும் சேர்ந்து சமைத்தோம். பெரியவருக்குப் பரிமாறிவிட்டு அடுக்களையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கிளம்பும்போது லாத்தா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருமுனைவரை கூட வந்தார். அவர் அப்படி வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"சந்தோஷமா லாத்தா? வந்துட்டாங்களே" என்றேன்.

"சந்தோஷம்தான்." கொஞ்ச தூரம் நடந்தார். "முப்பது வருஷம் கடுதாசியில பேசுனோம், யாராச்சும் எழுதிக் குடுத்து. இப்ப எதுக்க ஒக்காந்தா அவங்களுக்கும் பேச்சு வரல்ல, எனக்கும் வரல்ல. ராத்திரி மேல நடக்குறாங்க. கேக்குது. ஆனா அந்த நடை எனக்குப் பழக்கமில்ல."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திரும்பிப் பார்த்தபோது வெள்ளைத் துப்பட்டி தெருவுக்குள் போய்விட்டிருந்தது. நெய்வேலிக்கு வந்து சேர்ந்து, விளக்குப் போட்டு, கொடுக்காமல் பையிலேயே இருந்துவிட்ட வெல்லத்தைத் திரும்ப எடுத்து டப்பாவில் போட்டேன். அந்தப் பொங்கல் விடுமுறையில் மிச்சமிருந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று நினைவில் இல்லை.

அதே வருடம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. லாத்தாவும் அவர் கணவரும் இறங்கினார்கள். விருத்தாசலத்தில் ஒரு கல்யாணம், திரும்பும் வழியில் என் நம்பரைச் சொல்லி விசாரித்து வந்திருக்கிறார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. உட்கார வைக்க இரண்டு நாற்காலிதான் இருந்தது.

லாத்தா உட்காரவில்லை. முன்னறை, படுக்கையறை, அடுக்களை, பின்கட்டு என்று சுற்றிப் பார்த்தார். பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் நின்றுகொண்டு, "நல்ல வூடு" என்றார். "எங்கேருந்து கூப்புட்டாலும் கேக்கும். என் வூட்ல நான் கூப்புட்டா எனக்கே திரும்பி வரும்."

பிறகு என் கட்டிலைப் பார்த்தார். "கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா? கார்ல ஒரே குலுக்கல்."

சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். கணவர் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு ஈரோட்டுக்காரரிடம் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆழம், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று. நான் அடுக்களைக்குப் போனேன். பம்ப் ஸ்டவ் இரையும் என்று திரி ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். பாத்திரங்களைத் துணி போட்டு இறக்கினேன். குழாயைத் திருகாமல் பானையிலிருந்து தண்ணீர் மொண்டேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் இன்னொருவர் மூச்சுவிட்டுத் தூங்குவது அதுதான் முதல் தடவை. மெல்லிய குறட்டை. அது நின்றுவிடக்கூடாதே என்று நின்ற இடத்திலேயே நின்று கேட்டேன். பால் பொங்கி வழிந்தது.

பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மனைவி தூங்குவதைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பகல்ல இவ தூங்கி நான் பாத்ததே இல்ல" என்றார். "எழுப்பாதீங்க. கார்காரனுக்கு நான் சொல்லிக்கறேன்."

வெயில் தாழ்ந்த பிறகுதான் லாத்தா எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் ஒரு கணம் விழித்தார். என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டு, முகம் கழுவி, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். வாசலில் என் கன்னத்தைத் தொட்டார். "வாங்க, என்ன" என்றார். கார் தெருக்கோடியில் திரும்பும்வரை நின்றேன். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

மூன்று பேருக்கு டீ போட்டுப் பழக்கமில்லாததால் அளவு தப்பி நிறைய மிஞ்சியிருந்தது. எதிர்வீட்டு அம்மா தன் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் நானாக அவரைக் கூப்பிட்டதில்லை. "டீ இருக்குங்க, வர்றீங்களா?" என்று கேட்டேன். மடித்த துணிகளை அப்படியே வைத்துவிட்டு வந்தார். லாத்தா உட்காராத நாற்காலியில் உட்கார்ந்து, டீயில் சர்க்கரை கொஞ்சம் குறைச்சலுங்க என்று சொல்லிக்கொண்டே குடித்தார்.